ஆடியது மகளின் பல், ஆடிப்போனது நான்

மகளுக்கு ஆறரை வயது. வகுப்பில் பாதிப் பேர் பொக்கை வாயோடு திரிகிறார்கள், தனக்கு மட்டும் ஒரு பல்கூட ஆடவில்லை என்று இரண்டு மாதமாக வீட்டில் ஒரே புலம்பல். தினமும் கண்ணாடி முன்னால் நின்று கீழ்வரிசையில் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள், பூட்டிவிட்டு வந்த கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பவர்கள் மாதிரி. அப்படியிருக்க ஒரு நாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பாய்ந்து உள்ளே வந்து, "அப்பா, ஆடுதுப்பா!" என்று போட்ட கூச்சலில் என் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கீழே நடுவில் இருக்கும் இரண்டில் இடப்பக்கத்துப் பல். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் தொடங்குமாம். அன்றிலிருந்து அவள் நாக்குக்கு வேறு வேலையே இல்லை. பாடம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, நான் திட்டும்போதுகூட அந்தப் பல்லை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பாள். திட்டிக்கொண்டிருப்பவன் எதிரில் ஒரு பல் முன்னும் பின்னும் ஆடினால் கோபம் எப்படி நிற்கும் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் போனது. ஒரு ராத்திரி பல் தேய்த்துவிடும்போது செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தேன். ஆடுகிற பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பல்! முன்னால் ஒன்று நிற்கும்போதே பின்னால் இன்னொன்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "காலைல டாக்டர்கிட்ட போலாம், இப்ப போய்ப் படுங்க" என்றாள். என்னால் முடியவில்லை, அம்மாவுக்குப் போன் போட்டேன். "இதுக்காடா இந்த நேரத்துல கூப்பிட்ட? உனக்கும் அப்படித்தான் முளைச்சுது. நான் என்ன, ஊரைக் கூட்டினேனா?" என்று வைத்துவிட்டார். மகளோ தனக்குச் சுறா மீன் மாதிரி ரெண்டு வரிசை என்று பெருமையோடு தூங்கிப்போனாள்.

பல் டாக்டர் அரை நிமிடம்தான் பார்த்தார். கீழ் முன்பற்கள் இப்படிப் பின்பக்கமாக எட்டிப் பார்ப்பது சகஜம்தானாம். "பழசு நல்லா ஆடுது சார், தானா விழுந்துடும். நாக்கு தள்ளித் தள்ளிப் புதுசை முன்னால கொண்டுவந்துடும். பழசு ஆடாம கெட்டியா நின்னுட்டாத்தான் எடுக்கணும்." நாக்கு இத்தனை நாள் பார்த்த வேலை வீணில்லை போலிருக்கிறது.

எழுந்திருக்கப் போனோம். "கடைசியில வந்திருக்கே, அதைப் பார்த்தீங்களா?" என்றார். எதை? நான்கு கடைவாயிலும், பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே புதிதாக ஒவ்வொரு பெரிய பல் பாதி முளைத்திருந்தது. ஆறு வயதுவாக்கில் சத்தமில்லாமல் வந்துவிடுமாம். எதுவும் விழாததால் இதையும் பால்பல் என்று நினைத்து, எப்படியும் விழத்தானே போகிறது என்று பலர் சரியாகத் தேய்த்துவிடுவதில்லை, ஆனால் ஆயுசுக்கும் இதுதான், போனால் மாற்றுக் கிடையாது என்றார். முன்பல் ஒன்றுக்காக ஊரையே எழுப்பியவன், பின்னால் நான்கு வந்ததைக் கவனிக்கவே இல்லை. தெரியும் என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அடுத்து, நூல் கட்டி ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று மைத்துனர் யோசனை சொன்னார். மகள் உடனே சரி என்றாள். ஒத்துக்கொள்ளாதது நான்தான்.

கடைசியில் அது விழுந்த விதத்தில் ஒரு நாடகமும் இல்லை. ஒரு சாயங்காலம் கதைப் புத்தகத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நிறுத்தினாள். வாயில் விரலை விட்டாள், எடுத்தாள், என் உள்ளங்கையில் வைத்தாள், விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். நான்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மேல்பக்கம் பளபளவென்று வெள்ளை. திருப்பிப் பார்த்தால் அடியில் குழி, சுற்றிலும் சொரசொரவென்று ஓரம், நடுவில் பொட்டு ரத்தம். வேரைக் காணோம்!

உடைந்துவிட்டது, பாதி உள்ளே மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி மறுபடி டாக்டருக்குப் போன். அவர் பொறுமைசாலி. "வேர் கரைஞ்சாத்தான் சார் பல்லே ஆடும்" என்றார். அடியிலிருந்து நிலைப்பல் மேலே வர வர, பால்பல்லின் வேரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம். பிடிமானம் போனதும் மேலே இருக்கும் தொப்பி மட்டும் கழன்று வரும். அதனால்தான் பெரிதாக வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. போனை வைத்ததும் மகளுக்கு இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்த மாதிரி விளக்கினேன். "அப்ப நீங்க ஏன் போன் பண்ணீங்க?" என்றாள்.

பல் போனால் சொல் போகும் என்பார்கள். இவளுக்குச் சொல் இரண்டு மடங்காகிவிட்டது. பக்கத்து வீடு, லிஃப்டில் வருபவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் ஓட்டையைக் காட்டிக் கதை சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து அடுத்த புகார். புதுப்பல் மஞ்சளாக இருக்கிறது, விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறது, எனக்குத் தப்பான பல் வந்துவிட்டது! பார்த்தால் உண்மைதான், பக்கத்தில் இருக்கும் பால்பற்களின் வெள்ளைக்கு முன்னால் அது பழுப்பாகத் தெரிந்தது, நுனியில் வரிசையாக மூன்று மேடு வேறு. மறுபடி டாக்டர். புதுப்பல்லில் மேல்பூச்சுக்கு உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி தடிமனாம், அதன் நிறம் வெளியே தெரியுமாம். மேடுகள் கடித்துக் கடித்துத் தேய்ந்து சமமாகிவிடும். மொத்தம் 20 பால்பற்கள், இன்னும் 19 பாக்கி, எல்லாம் விழுந்து முடிய 12 வயதுக்கு மேல்கூட ஆகலாம் என்றும் சொன்னார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கிளம்பும்போது டாக்டர், "சார், நீங்க கடைசியா எப்ப பல் காட்டினீங்க?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கல்யாணத்துக்கு முன்னால். உட்காரச் சொன்னார். கீழே வலப்பக்கக் கடைவாயில் கம்பியால் ஓரிடத்தில் தட்டியதும் உச்சந்தலைவரை சுளீரென்றது. பெரிய சொத்தை. "எந்தப் பல் தெரியுதா? அன்னைக்குச் சொன்னேனே, ஆறு வயசுல வர்றது, அதான்."

மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று என் செல்போனை வாங்கி வாய்க்குள் வெளிச்சம் அடித்தாள்.

"ஆடாம இருங்கப்பா. நான் பார்த்துக்கிறேன்."