பொது டெலிபோனில் போன சங்கேதம்

நேற்று டர்பனில், எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டில் அம்மாவுக்குப் புது போனில் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தேன். "நாம பேசுறத வேற யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். அப்போது எனக்கு வூலா நினைவுக்கு வந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) நடத்திய ரகசிய நடவடிக்கை அது.

1988. ஏ.என்.சி.க்குத் தடை இருந்த காலம். அதன் தலைவர்களில் மேக் மகராஜும் சிபிவே நியாண்டாவும் ரகசியமாக நாட்டுக்குள் வந்தார்கள். லண்டனில் இருந்த தோழர்களோடு பேச, ஏ.என்.சி.காரரான டிம் ஜென்கின் ஒரு வழி செய்திருந்தார். கணினியில் செய்தியைத் தட்டினால், ஃப்ளாப்பியில் இருக்கும் தாறுமாறான எண்களோடு எழுத்தெழுத்தாகக் கலந்துவிடும். அதை ஒலியாக மாற்றி, கேசட்டில் பதிந்து, ஏதாவதொரு பொது டெலிபோனில் ரிசீவரோடு ஒட்டிவைத்து ஓடவிடுவார்கள். லண்டனில் ஒரு பதிவுக் கருவி கேட்டுக்கொண்டிருக்கும். பயன்படுத்திய எண்கள் உடனே அழியும், இரண்டாம் முறை கிடையாது. எண்கள் உண்மையிலேயே தாறுமாறாக இருந்தால் இந்தப் பூட்டை உடைக்கவே முடியாது என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-லேயே கணிதத்தில் நிரூபித்துக் காட்டியிருந்தார். அந்த ஃப்ளாப்பிகளைக் கடத்தி வந்தவர் ஒரு டச்சு விமானப் பணிப்பெண். அவர் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1990 ஜூலையில் இதே டர்பனில் வூலா ஆட்களைப் போலீஸ் பிடித்தது. சங்கேதத்தை அவர்கள் உடைக்கவில்லை. அப்படியே படிக்கும்படி விட்டுவைத்திருந்த கோப்புகள்தான் சிக்கின.

அம்மா முழுதாகக் கேட்டார். அப்புறம் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு, நடுவில் யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்ய வாட்ஸ்அப் காட்டும் 60 இலக்கங்களை இரண்டு பக்கமும் வாசித்துச் சரிபார்த்தோம். ஒவ்வொன்றையும் அம்மாதான் சத்தமாகப் படித்தார்.