மலைக்கு இந்தப் பக்கத்துக் கோடை

ஏப்ரல் 7, பண்டாரவளை

இன்று நண்பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடமளவில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேராக வந்தது. முற்றத்துக் கொடிக்கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடியிலேயே ஒடுங்கிப்போனதைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கையைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து செல்வதால், எந்த நாளில் எந்த ஊருக்கு அது உச்சம் கொடுக்கும் என்பதை வளிமண்டலவியல் திணைக்களம் ஊர்ப்பெயர்களுடன் அறிவிப்பது வழக்கம். கதிர் செங்குத்தாக விழும் காலமே கோடை என்றால் எங்களுக்குக் கோடை இதுதான், ஜூன் மாதமன்று. ஆயினும் ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறைவதால், கொழும்பு வேர்த்து வழியும்போது நுவரெலியாவில் கம்பளிச் சட்டை விற்பனையாகிறது.

ஏப்ரல் 16

புத்தாண்டு விடுமுறையோடு நுவரெலியாவில் "சீசன்" களைகட்டியிருக்கிறது. குளிர்கிறதே என்று தொப்பியின்றி அலைகிறவர்களுக்குத்தான் முகம் கன்றிப்போகிறது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. புறஊதாக் கதிரை வடிகட்டும் ஆற்றலும் அதற்கேற்பக் குறைவு. பின்னேரம் வழக்கம்போல் இடியுடன் மழை.

மே 20

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின் பின் திருச்சிப் பக்கம் போய்விட்ட சித்தப்பா தொலைபேசியில் அக்கினி நட்சத்திரத்தை நொந்துகொண்டார். தென்மேற்குக் காற்று தன் மழையைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுவதால் அவருக்கு வெயில்தான் மிஞ்சுகிறது. எங்கள் மலையின் மேற்குச் சரிவில் அதே காற்றை எதிர்கொள்ளும் ஹட்டன் பக்கத்துக்கோ இனி மாதக்கணக்கில் மழையும் மப்பும்தான்.

ஜூன் 21

வட அரைக்கோளத்தின் மிக நீண்ட பகல் இன்று. ஐரோப்பாவின் வடகோடியில் சூரியன் மறைவதே இல்லை. எங்களுக்கோ பகல் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணித்தியாலம்தான்.

ஹட்டனில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டுப் பதுளை ரயிலில் திரும்பினேன். நானுஓயாவிலும் பட்டிப்பொலையிலும் யன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. மேடையில் நின்றவர்கள் சாக்கைத் தலையில் போர்த்தியிருந்தார்கள். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துள் ரயில் நுழைந்து வெளிப்பட்டபோது வெயில் அடித்தது. இது தற்செயலன்று. மேற்குச் சரிவில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாகிறது; ஈரத்தை இழந்து எங்கள் கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் இறங்கும்போது, ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை என்ற அளவில் சூடேறுகிறது. கீழே மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். பருவங்களை நாட்காட்டியில் தேடுவதைவிட மலைமுகட்டில் தேடுவது நல்லது என்பது என் கட்சி.

ஜூலை 5

பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில், ஏறத்தாழ 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால், இருக்கும் நாட்கள் இவை. ஜனவரியில் இது 14 கோடியே 70 இலட்சமாகக் குறையும். நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படிவதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். சூரியன் கிட்ட வந்தால் கோடை என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஆகஸ்ட் 12

பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகளில் புல் பழுப்பேறிவிட்டது. சில குன்றுகளில் தீ வைத்த கரிக்கோடுகள் தெரிகின்றன. தேயிலையோ இந்த வறட்சியில்தான் பெயர் வாங்குகிறது. உலர்காற்றில் துளிர் மெதுவாக வளர்வதால் வாசனைப் பொருட்கள் அதில் செறிந்து, ஊவாத் தேநீருக்கே உரிய மெந்தோல் சாயல் கிடைக்கிறது. மேற்குச் சரிவான திம்புள்ளைக்கு இத்தகைய தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. இங்கே ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் அக்கா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் காட்டினார்: கட்டையாக, ஓரம் சற்றுச் சுருண்டிருந்தது. "வெல கூடுதுன்னு சொல்றாங்க சேர், ஆனா கொழுந்து இல்லாம கிலோ எப்புடிச் சேரும்?" என்றார். ஏலத்தில் உயரும் விலை அவருடைய கூடையின் நிறையைக் கூட்டுவதில்லை.