சீசன் ரிக்கற் ஆற்றங்கரை மட்டும்தான்

எங்கள் பக்கத்தில் பாலம் என்றால் அது பெரும்பாலும் சப்பாத்துப் பாலம்தான். ஆற்றுப் படுக்கைக்குக் கொஞ்சம் மேலே கொங்கிறீற் போட்டு, அடியில் நாலைந்து கியூம் குழாய் வைத்து மூடியது. ஆவணி வரைக்கும் அதன் மேல் மாடு படுத்திருக்கும். மாரி தொடங்கி மேலே குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். நான் சொல்வது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, பேராற்றோடு போய்ச் சேரும் ஒரு சின்ன ஆற்றைப் பற்றி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது யாருடைய கோப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதுவும் நான் கணக்குக் கிளையில் வேலை பார்த்து ஓய்வூதியம் எடுக்கிற ஆள்.

தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் பஸ் இறங்காது. அதற்குப் பிறகு எங்கள் ஊரின் போக்குவரத்துச் சேவை உழவு மிசின், அதாவது ரக்ரர்தான். பின்னால் பூட்டிய பெட்டிக்குள் ஆட்கள் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்கள். முன்னால் இரண்டு பெடியள் தண்ணீருக்குள் நடந்து, தடியால் தட்டித் தட்டிப் பாலத்தின் ஓரத்தைக் காட்டுவார்கள். ஓரம் தெரிய வேண்டும் என்று நட்ட கட்டைகளில் பாதியை முந்தைய வெள்ளங்களே கொண்டுபோய்விட்டன. மிச்சத்தில் சிலதை 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கொண்டுபோனது. ஆளுக்கு 100 ரூபா. மோட்டார் சைக்கிளைத் தூக்கி வைத்தால் 300.

மிசின்காரப் பெடியனிடம் ஒருநாள் கேட்டேன். "தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளையளிட்டையும் நூறு ரூபாவோ?"

"இல்லை அக்கா, அவையளுக்கு அம்பதுதான். பெயரிங்குக்குள்ள தண்ணி போனால் எனக்கு அடுத்த உழவுக்கு மிசின் இல்லை. டீசல் ஆர் தாறது?"

அவனிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் போய்வர 200 ரூபா. தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள் என்றால் அவளுக்கு இன்னொரு 200. மாதத்தில் இருபது நாள் என்றால் 8000 ரூபா. அந்தப் பிள்ளைகளிடம் சி.ரி.பி. என்கிற அரசாங்க பஸ்ஸுக்கு சீசன் ரிக்கற் (முன்கூட்டியே எடுக்கிற பயணச்சீட்டு) இருக்கிறது. அதன் விலையில் பிள்ளை கட்டுவது சின்னப் பங்கு. மிச்சத்தைத் திறைசேரிதான் போக்குவரத்துச் சபைக்குக் கொடுக்கிறது. அதாவது பிள்ளை பள்ளிக்கூடம் போவது அரசாங்கத்தின் செலவு என்று ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் அந்த ஒப்புதல் பஸ் திரும்புகிற புளியமரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கு சீசன் செல்லாது. மாரிகாலத்துக்கும் சேர்த்து சீசன் எடுத்து வைத்திருக்கிற பிள்ளைதான் மிசின் பெட்டியில் நின்று காசும் கொடுக்கிறது.

சரி, பாலத்தை உயர்த்திக் கட்டினால் என்ன? முதலில் வீதி யாருடையது என்று கேட்பார்கள். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணத்தின் வீதித் திணைக்களம். அதற்கும் கீழே என்றால் பிரதேச சபை. எங்கள் வீதி கடைசி வகை. கட்ட வேண்டிய பாலத்தின் விலையோ முதல் வகை. சபையின் சொந்த வருமானம் சந்தைக் குத்தகை, சோலை வரி, வியாபார உரிமக் கட்டணம் என்று வருவது. அதில் மதகு கட்டலாம், ஆறு கடக்க முடியாது. மேலே எழுதலாம் என்றால், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் உறுப்பினர் இல்லாமல் செயலாளரோடுதான் ஓடின. எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்று ஊர் கோபப்படும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். பதில் எழுத அந்தப் பக்கத்தில் ஆள் இருந்தால்தானே!

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. அதை வெளியில் யாரும் பேசுவதில்லை, கணக்குக் கிளையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வர பங்குனி, சித்திரை ஆகும். 2025இல் வரவு செலவுத் திட்டமே மார்ச்சில்தான் நிறைவேறியது. பிறகு ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும், விலை கோர வேண்டும், வந்த விலைகளைப் பார்க்கிற கேள்விச் சபை கூட வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். ஒப்பந்தக்காரர் மண் கொட்ட ஆவணி, புரட்டாதி. ஐப்பசியில் மழை. ஆற்றுக்குள் அத்திவாரம் போடக் கூடிய வைகாசி, ஆனி, ஆடி முழுவதும் கடதாசி மேசை மாறிக்கொண்டிருக்கும். அப்புறம் கார்த்திகையில் தண்ணீருக்குள் வேலை செய்ய முடியாது என்று எழுதி, செலவாகாத காசு வருடக் கடைசியில் திறைசேரிக்குத் திரும்பிப் போகும். அடுத்த வருடம் "ஒதுக்கியதைச் செலவழிக்கத் தெரியாத ஆட்கள்" என்று எங்களுக்கே கதை வரும். காலபோகத்துக்கு விதைக்கிற மாதம் எது, ஆறு வற்றுகிற மாதம் எது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிதியாண்டைப் போட்டவர்கள் அதை எங்களிடம் கேட்டுப் போடவில்லை.

ஒதுக்கீடு இருந்தாலும் கட்டுநிதி வேண்டும். ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி, கட்டுநிதி என்பது கையில் வரும் காசு. இரண்டாவது வராமல் ஒப்பந்தக்காரரின் கட்டணப் பட்டியல்கள் மாதக்கணக்கில் கட்டாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருமுறை அடிபட்ட ஒப்பந்தக்காரர் அடுத்த விலையில் அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத்தான் போடுவார்.

பெரிய பாலங்களுக்கு வழி வேறு. நந்திக்கடலுக்குக் குறுக்கே வட்டுவாகல் பாலம் பழுதடைந்து, கட்டைச் சுவர் உடைந்து, எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லாமல் கிடந்தது எத்தனை வருடம்! 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் பெயரைச் சொல்லி 1000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள், செப்டெம்பரில் ஜனாதிபதி வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். சந்தோஷம்தான், அந்தப் பாலம் வர வேண்டும். பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர், 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கும் ஆயிரம் மில்லியன் அளவில் முடிந்தது. முன்னொரு காலத்தில் அங்கே கேரதீவுக்குப் பாதை ஓடியது. பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலேரியைக் கடக்கிற மிதவை. அதை ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம், எஞ்சினுக்கு எண்ணெய் எல்லாம் வருடா வருடம் கணக்கில் வரும் செலவு. பாலம் ஒரே தடவை, நாடாவும் வெட்டலாம். நாடா வெட்ட முடியாத செலவுக்குத்தான் இங்கே காசு கிடைப்பதில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் போகிற காசு மிசின் கூலியோடு முடியவில்லை. மாசியில் அறுவடை முடியும்போதும் ஈரம் காயாத வருடங்களில் லொறி இந்தப் பக்கம் வராது. வியாபாரி அக்கரையில் நின்று விலை சொல்லுவான், ஏற்றுகூலியைக் கழித்துத்தான் சொல்லுவான். ஆனால் வெயில் காலத்தில் மணல் ஏற்றிய டிப்பர்கள் அதே சப்பாத்துப் பாலத்தின் மேலே வரிசையாகப் போகும். மணலுக்கு அனுமதி கொடுப்பது சுரங்கப் பணியகம். அந்தக் காசில் எங்கள் வீதிக்கு ஒரு சதம் வந்ததாக நான் எந்தப் பேரேட்டிலும் பதிந்ததில்லை. பாலத்தின் கீழ்ப்பக்கக் கொங்கிறீற் விண்டு கம்பி தெரிவது அந்தப் பாரத்தால்தான் என்பது என் எண்ணம். ரி.ஓ. வெள்ளம் அரித்தது என்கிறார். இரண்டுமாக இருக்கலாம்.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பாலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டுப் பார்ப்போம் என்றேன். மழைக்காலத்தில் பள்ளி நாள் ஒரு நாற்பது. மிசின் வாடகை, சாரதி, டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 4000 ரூபா. மொத்தம் 1,60,000. இதைச் சபை கொடுத்தால் பிள்ளைகள் இலவசமாகக் கடக்கலாம். கடிதத்தை நானே எழுதினேன், கணக்கும் இணைத்தேன்.

சபையில் இருந்த கணக்காளர், நல்ல பிள்ளை, என்னை இருத்தி வைத்துச் சொன்னார்: "அம்மா, மிசின் பெட்டியில ஆள் ஏத்துறதே சட்டப்படி பிழை. அதுக்கு நான் வவுச்சர் எழுதினால் கணக்காய்வு என்னைத்தான் கேக்கும்." அவர் சொல்வது சரி. அந்தக் கதிரையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சட்டப்படி பிழையான பெட்டியில் காசு கொடுத்துப் போகலாம், அரசாங்கக் காசில்தான் போக முடியாது.

இப்போது கடிதத்தை மாற்றிப் பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறோம். மழைக்கு முன்னான அனர்த்த ஆயத்தக் கூட்டத்தில் ஒரு பைபர் படகும் பிள்ளைகள் அளவில் உயிர்காப்பு அங்கிகளும் கேட்பது. கொக்கிளாய் முகத்துவாரத்தில் சனம் புல்மோட்டைக்குக் கடப்பது படகில்தானே. ஆற்று இழுவை வேறு என்று மிசின்காரப் பெடியன் தலையை ஆட்டுகிறான்; கயிறு கட்டி இழுக்கலாம் என்று சங்கத் தலைவர் சொல்கிறார். படகு கிடைத்தாலும் அதை ஓட்டுகிறவருக்கு நாட்கூலி எந்தச் செலவுத் தலைப்பில் என்று கூட்டத்துக்கு முன் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பிரதேச சபையோ செயலகமோ இப்படி ஒரு கூலியை எப்போதாவது கொடுத்திருந்தால், வவுச்சரில் என்ன தலைப்புப் போட்டார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.