பகலில் அரசுப் பள்ளி, மாலையில் உரையாடல் பள்ளி

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்களில் பலர் ஒரே வேலையோடு நின்றுவிடுவதில்லை. நானும் சில ஆண்டுகளாகப் பகலில் சிபா மாகாணத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏ.எல்.டி. எனப்படும் உதவி மொழி ஆசிரியராகவும், மாலையில் எய்கைவா என்று இங்கே அழைக்கப்படும் தனியார் ஆங்கில உரையாடல் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றி வருகிறேன். இங்கே வர விரும்பும் நண்பர்கள் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போது, இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா, கையில் எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறார்கள். முடியும், ஓரளவு நிற்கவும் செய்யும். ஆனால் மாலை வேலை பகல் வேலையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. எனக்கு அதுவே பெரிய கேள்வியாக இருக்கிறது.

இரண்டாவது வேலையைத் தேட வைப்பது பெரும்பாலும் முதல் வேலையின் ஒப்பந்தமே. வெளிநாட்டினரை அரசே அழைத்துப் பள்ளிகளில் அமர்த்தும், 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாக வருபவர்களுக்கு நல்ல ஊதியம் கிடைக்கிறது. ஆனால் பல நகரங்களின் கல்வி வாரியங்கள் தனியார் நிறுவனங்கள் மூலமாகவே உதவி ஆசிரியர்களை எடுக்கின்றன; அங்கே மாத ஊதியம் 2,00,000 யென்னைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிது, கோடை விடுமுறை வரும் ஆகஸ்டில் அதுவும் குறைந்துவிடும். வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்பவரை மருத்துவமும் ஓய்வூதியமும் அடங்கிய சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்ற விதி இருந்ததால், நெடுங்காலம் இத்தகைய ஒப்பந்தங்களில் 29.5 மணி நேரம் என்றே எழுதப்பட்டு வந்தது. 2016க்கும் 2024க்கும் இடையில் சட்டம் படிப்படியாக விரிவாக்கப்பட்டு, 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் உழைப்பவர்களும் காப்பீட்டுக்குள் வந்துவிட்டார்கள். இது நியாயமான மாற்றம். இருந்தாலும் பிரீமியத்தைக் கழித்த பிறகு என் கைக்கு வரும் தொகை முன்பைவிடச் சுருங்கிவிட்டது. நான் மாலை வேலையைத் தேடியது அதன் பிறகுதான்.

விசா விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் கற்பிப்பவருக்குப் 'பயிற்றுநர்' என்ற தங்குரிமை கிடைக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நம்மைப் போன்றவர்கள், 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். ஆங்கில வழியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்கள், பள்ளித் தலைமையாசிரியரிடம் முறையான கடிதத்தை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இங்கிருந்து கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்தத் தங்குரிமையை வைத்துக்கொண்டு தனியார் உரையாடல் பள்ளியில் கற்பிக்க முடியாது. அதற்குக் குடிவரவு அலுவலகத்தில் தனியாக அனுமதி பெற வேண்டும், கட்டணம் கிடையாது. அனுமதி கைக்கு வரும் முன்பு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. தொழிலாளர் நல அமைச்சகம் 2018இல் தன் மாதிரிப் பணிவிதிகளை இரண்டாம் வேலைக்கு இடம் தரும்படி மாற்றியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது மாதிரி மட்டுமே. நம் கையொப்பம் உள்ள ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதே செல்லும்.

வரியிலும் ஒரு வேலை கூடுகிறது. முதன்மை நிறுவனம் ஆண்டு இறுதியில் நம் வருமான வரியைக் கணக்கிட்டு நேர்செய்துவிடும். இரண்டாம் வேலையின் வருமானம் ஆண்டுக்கு 2,00,000 யென்னைத் தாண்டினால், பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை நாமே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். 2020 ஏப்ரலிலிருந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் வழங்கப்படும் பாடமாகிவிட்டது. ஆண்டுக்கு 70 பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்பில் 35 பிள்ளைகள் வரை இருப்பார்கள். எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டால், "ஐ வான்ட் டு கோ டு இத்தாலி" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் அழகாகச் சொல்வார்கள். ஒருவரை மட்டும் எழுப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளை முதலில் பக்கத்து மேசையைப் பார்க்கும். அறிவுக் குறைவு அதற்குக் காரணமில்லை. எல்லார் முன்னிலையிலும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்தான்.

அந்தக் கூச்சம் பாடவேளைக்குள் கரைவதே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அது மதிய உணவின்போது கரைகிறது. இங்கே பிள்ளைகள் வகுப்பறையிலேயே மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, ஆசிரியரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நான் சைவம் என்பதால் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவேன், அதில் எலுமிச்சைச் சாதம் இருக்கும் நாளில் என் மேசையைச் சுற்றி நடப்பதெல்லாம் உண்மையான ஆங்கிலம்: "வாட்ஸ் திஸ்?" "ஸ்பைசி?" "லெமன்? ரைஸ்? ஒய்?" வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைதான் அந்த "ஒய்?" கேட்கும். பிறகு எல்லோரும் துடைப்பமும் துணியும் எடுத்துப் பள்ளியைச் சுத்தம் செய்யும் நேரம் வரும். அப்போதும், கடைசி மணி அடித்த பிறகு காலணி அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் இந்தப் பேச்சு தொடரும்.

மாலை வேலை எடுத்துக்கொள்வது இந்த இடைவேளைகளைத்தான். ஐந்து மணி வகுப்புக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால், மதிய உணவுக்குப் பிறகே மனம் மாலைப் பாடத்துக்குப் போய்விடுகிறது. சுத்தம் செய்யும் நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பட அட்டைகளை வெட்டத் தோன்றுகிறது. என் ஒப்பந்தப்படி நான் செய்ய வேண்டிய பாடவேளை ஒன்றுகூடக் குறையவில்லை, வருகைப் பதிவேட்டிலும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும். அவசரத்தில் இருக்கும் ஆசிரியரிடம் அவர்கள் எதையும் கேட்க வருவதில்லை.

மாலைப் பள்ளியிலும் நான் விரும்பிக் கற்பிக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒரு வகுப்பில் ஐந்து பேர். பெற்றோர் பணம் கட்டி அனுப்புகிறார்கள். பலருக்கு எய்கென் என்ற ஆங்கிலத் திறன் தேர்வே இலக்கு. 1963இல் தொடங்கிய அந்தத் தேர்வின் மூன்றாம் நிலையில், எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்கு ஒரு குறுகிய நேர்காணல் உண்டு. அட்டையில் உள்ள சிறு பத்தியை 20 விநாடி மௌனமாகப் படித்து, பிறகு உரக்க வாசித்து, பத்தியைப் பற்றி ஒரு கேள்விக்கும் படத்தைப் பற்றி இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்ன பிறகு, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன்னைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அட்டை கவிழ்ந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் "ஐ லைக் சாக்கர்" என்று சொல்லி நின்றுவிடுவார்கள். இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை ஊட்டுவதற்கே பல மாலைகள் போகின்றன. அந்தப் பயிற்சியைப் பகல் பள்ளிக்கும் கொண்டுபோனேன். 35 பேரையும் இருவர் இருவராக அமர வைத்து, இத்தாலி என்று சொன்ன பிள்ளை ஏன் என்பதையும் தன் கூட்டாளிக்கு மட்டும் சொல்லட்டும் என்று விட்டபோது, வகுப்பாசிரியரே வியக்கும் அளவுக்குச் சத்தம் எழுந்தது. மாலை வேலை இல்லாமல் எனக்கு அந்த வழி தோன்றியிருக்காது.

அதனால் மாலை வேலையை முழுதாக விட நான் விரும்பவில்லை. வீட்டு வாடகையும் விட விடாது. வருகிற ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும்போது வார நாள் மாலைகளைக் கைவிட்டு, சனிக்கிழமை முழுவதையும் உரையாடல் பள்ளிக்குத் தருவதாகப் பேசி முடித்திருக்கிறேன். மாதத்துக்குச் சுமார் 30,000 யென் குறையும். எய்கென் நேர்காணல் நெருங்கும் வாரங்களில் மட்டும் ஒரு மாலை கூடுதலாக வருவேன் என்றும், அது எந்தக் கிழமை என்பதைப் பகல் பள்ளியின் கால அட்டவணை வந்த பிறகே சொல்வேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.