இரண்டு ஜோடி ஸ்பீக்கரும் ஒரு துணித் திரையும்

மூன்று வாரமாக எங்கள் ஹாலில் நடக்க வழியில்லை. நான்கு ஸ்டாண்டு, நான்கு பெட்டி, தரையெல்லாம் மாஸ்கிங் டேப். நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இனி பத்து வருஷத்துக்கு மாற்றுவதில்லை என்று முடிவுகட்டி இரண்டு ஜோடியை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வாங்கிவந்தேன். இரண்டுமே உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டர், தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் உள்ள சிறிய புக்‌ஷெல்ஃப் வகை. ஒன்று கருப்பு, இன்னொன்று மர நிறம். அதனால் கருப்பு, மரம் என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் பத்தே நிமிஷத்தில் நோட்டில் எழுதிவிட்டேன்: “கருப்பு. யோசிக்கவே வேண்டாம்.” தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. மரத்தைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: “ஏண்ணா, கருப்புக்கு மட்டும் சத்தம் கூட வச்சிருக்கியா?”

வால்யூம் குமிழைத் தொடவே இல்லை. ஆனால் சென்சிடிவிட்டி எண்ணை, அதாவது ஒரே பவருக்கு எது எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பார்த்ததும் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. கருப்பு 89 டெசிபல், மரம் 85. அதே குமிழ் நிலையில் கருப்பு 4 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். மரம் அதை எட்ட ஆம்ப் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பவர் கொடுக்க வேண்டும். சத்தம் குறைந்தால் காது முதலில் கைவிடுவது பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைத்தான். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை 1933-லேயே அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். சத்தம் கூடினால் அதே பாட்டு நிறைவாகத் தோன்றும். நான் தேர்ந்தெடுத்தது கருப்பை அல்ல, 4 டெசிபலை.

அடுத்த நாள் பிங்க் நாய்ஸைப் போட்டு (எல்லா ஸ்தாயியும் கலந்த ‘ஷ்ஷ்’ என்ற சோதனை ஒலி), நான் உட்காரும் இடத்தில் தலை உயரத்தில் சத்தத்தை அளக்கப் போனைக் கட்டி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். போன் காட்டும் எண் சரியான எண்ணாக இருக்காது. ஆனால் நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டுமே, அதற்கு அது போதும். அளவைச் சமமாக்கியதும் மரத்தின் போர்வை பாதி விலகிவிட்டது.

பிறகு இடம். முதலில் பெட்டியின் முகப்பு பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தது. ஆண் குரல்கள் எல்லாம் இடுப்புக்குக் கீழே இல்லாதவர்போல் ஒலித்தன. கணக்கு எளிது: ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதைச் சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 143 ஹெர்ட்ஸ். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கே நேரொலியை எதிர்த்து அழிக்கிறது. ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் இடமே அதுதான். 95 சென்டிமீட்டருக்கு இழுத்தேன், பள்ளம் 90 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, குரலுக்கு உடம்பு வந்தது. விலையுயர்ந்த கேபிள் மாற்றிப் பார்க்கச் சொன்ன நண்பரிடம் இந்த டேப் அடையாளத்தைத்தான் காட்டினேன்.

இதற்கு மேலும் என் கண்ணை நம்ப மனமில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்த ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் போட்ட மதிப்பெண் ஒரு விதம், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது போட்டது வேறு விதம். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இதற்கு விலக்கில்லை. ஸ்டீரியோவைவிட ஒற்றை ஸ்பீக்கராகக் கேட்கும்போது குறை பளிச்சென்று தெரியும் என்பதும் டூல் சொன்னதுதான்.

ஆகவே மெல்லிய பருத்தித் துணியைக் குறுக்கே கட்டி, பின்னால் கருப்பில் ஒன்று, மரத்தில் ஒன்று. தம்பி நாணயம் சுண்டி எது முதலில் என்று முடிவுசெய்வான். பாதியில் இரண்டும் இடம் மாறும். பன்னிரண்டு சுற்றில் நான் மரத்தை விரும்பியது 9 முறை. இதை வெற்றி என்று கொண்டாட முடியாது. கண்மூடித்தனமாகச் சொன்னாலும் நூற்றில் ஏழு தடவை அப்படியோ அதற்கு மேலோ விழும். ஆனால் “யோசிக்கவே வேண்டாம்” என்று எழுதியவனுக்குக் கருப்பு கிடைத்தது மூன்றே முறை.

எனக்குத் தெளிவு தந்தது மிருதங்கம்தான். அதன் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேலொலிகள் மற்றத் தோல்கருவிகளைப்போல் தாறுமாறாக இல்லாமல் சுருதியோடு ஒழுங்காக அமைவதை விஞ்ஞானி சி.வி. ராமன் 1920-இல் எழுதியிருக்கிறார். அந்த ஒழுங்கில் ஒன்று மட்டும் தலைதூக்கினால் காது உடனே பிடித்துவிடும். கருப்பில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தகரத்தைத் தட்டியது போன்ற ஒரு மினுக்கு. முதல் நாள் நான் ‘துல்லியம்’ என்று மயங்கியது இதைத்தான்.

கடைசிச் சோதனைக்கு அம்மா. மொட்டை மாடியில், எதிரொலி இல்லாத இடத்தில், செய்தித்தாளை வாசிக்கவைத்துப் பதிவுசெய்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அம்மாவை நிறுத்தி அதே வரிகளை வாசிக்கச் சொன்னால், நிஜக் குரலும் பெட்டிக் குரலும் மாறி மாறிக் கேட்கும். பிபிசி பொறியாளர்களும் பேச்சுக் குரலை வைத்தே தங்கள் மானிட்டர்களை, அதாவது ஒலிப்பதிவுக்கூட ஸ்பீக்கர்களை, எடைபோட்டார்கள். இசையில் நமக்கு மூலம் தெரியாது. அம்மா குரல் தெரியும்.

கருப்பில் ‘சனிக்கிழமை’, ‘செய்தி’ என்று வரும் ஒவ்வொரு ‘ச’வும் பல்லிடுக்கில் காற்று போவதுபோல் சீறியது. சரி, மரம் ஜெயித்தது என்று நினைத்து அதைப் போட்டால் அம்மாவுக்கே கோபம்: “நான் என்ன மூக்கைப் பிடிச்சுக்கிட்டா பேசுறேன்?”

உண்மைதான், லேசாக மூக்கடைப்பு இருந்தது. ஸ்டாண்டின் அடியில் பலகை வைத்து ட்வீட்டரைக் காது மட்டத்துக்கு ஏற்றியதும் பாதி போயிற்று. ட்வீட்டரும் வூஃபரும் சேர்ந்து ஒலிக்கும் கிராஸ்ஓவர் பகுதியில், இரண்டிலிருந்தும் காதுக்கு உள்ள தூரம் பிசகினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மீதிப் பாதி அதன் பிறவிக் குணம். சீறலோடு வாழ்வதா, மூக்கடைப்போடு வாழ்வதா என்பதுதான் கடைசியில் கேள்வி. நோட்டைப் புரட்டினேன். கருப்பு ஓடிய நாட்களில் நாற்பது நிமிஷத்துக்குள் கை தானாக வால்யூமைக் குறைத்திருக்கிறது. மரம் ஓடிய நாட்களில் பாதிப் பக்கம் வெறுமை, எழுத மறந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நேற்று கருப்பைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன்.

பாக்கி ஒன்று இருக்கிறது. அறையின் நீளம் 4.2 மீட்டர், அரை அலைநீளம் அதற்குச் சமமாகும் 41 ஹெர்ட்ஸில் ஒரு குமுறல். அந்த ஸ்வரம் வந்தால் அலமாரிக் கதவு நடுங்குகிறது. சோபா சுவரை ஒட்டி இருப்பதால் அங்கேதான் அது உச்சம். 60 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப்போட்டால் குறைகிறது, ஆனால் அப்புறம் அலமாரி முழுசாகத் திறக்காது. அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.