பைபாஸுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகள்

காலமெல்லாம் பாம்பனிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போய்வந்த என் அப்பாவுக்கு, ஆஞ்சியோவில் இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு என்று தெரிந்ததும், அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையை மதுரையில் செய்வதென முடிவாயிற்று. காப்பீட்டு அட்டைக்கான அலைச்சலைப் பலரும் அறிவார்கள். தவறு நேராதிருக்க மருத்துவர்கள் செய்த முன்னேற்பாடுகளைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அவற்றில் பல, வீட்டார் சொல்லும் பதிலை நம்பியே நடக்கின்றன.

"ஐயா, மீன் சாப்பிட்டுத் தடிப்போ மூச்சிரைப்போ வந்ததுண்டா?" என்று மயக்க மருத்துவர் கேட்டார். "மீன் இல்லாமல் எனக்குச் சோறே இறங்காது, டாக்டர்" என்றார் அப்பா. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஓடும் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், சால்மன் போன்ற மீன்களின் விந்திலிருந்து எடுக்கப்படுவது. மீன் ஒவ்வாதவர்களுக்கு அதனால் அரிதாக ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் கரையில் உண்டு. அது வேறு, மீன் ஒவ்வாமை வேறு என்பதால், எது சேராது என்று பிரித்துச் சொல்வது அவசியம்.

ரத்தம் உறையாதிருக்க அப்பா சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் குளோபிடோக்ரலை அறுவைக்கு 5 நாள் முன்பே நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார்கள். ஒரே மருந்து பல பெயர்களில் வருவதால், மாத்திரை அட்டைகளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்பாவின் இடது காலில் நரம்புச் சுருட்டல் இருந்தது. அதனால், அவரை நிற்க வைத்து ஸ்கேன் பார்த்து, இதயத்தில் மாற்றுவழியாகப் பொருத்த எடுக்கவேண்டிய ரத்தக் குழாயின் போக்கை வலது காலில் மைப்பேனாவால் கோடிட்டார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாய்க்கு மட்டும் மார்பின் உட்புறத் தமனியை இணைப்பார்கள். பெரும்பாலோருக்கு அது 10 ஆண்டுகளுக்குப் பிறகும் அடைபடாமலிருக்கும் என்றார் அறுவை நிபுணர்.

பெயரையும் அறுவையின் பெயரையும் வார்டில் ஒருமுறை, தியேட்டர் வாசலில் ஒருமுறை எனத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "இவர்களுக்கு ஆளே தெரியவில்லையா?" என்று அம்மா கலங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின்படி, மயக்கம் தருமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டு நோயாளி வெளியேறுமுன் எல்லோரும் நின்று சரிபார்ப்பார்கள் என்று செவிலியர் சொன்னதும்தான் அவர் தெளிந்தார். தலைமுடியளவு மெல்லிய நூலில் தைக்கும் சின்னஞ்சிறு ஊசிகளைக்கூட, பஞ்சுத் துணிகளோடு சேர்த்து எண்ணிவிட்டே நெஞ்சை மூடுவார்களாம்.

பிளந்த நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் கட்டியிருந்ததால், அது கூடும்வரை வலை இழுக்கவோ பாரம் தூக்கவோ கூடாதென்றார்கள். சுமார் மூன்று மாதம் அப்பாவைப் படகுப் பக்கம் விடவில்லை.