நூல் விலை ஏறினால் புகை ஏறுமா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர், எங்கள் தொழிலால் எவ்வளவு புகை வெளியாகிறது என்ற கார்பன் கணக்கைக் கேட்டபோது, பில்லெல்லாம் கணக்குப் பிரிவில்தானே இருக்கிறது என்று அந்த வேலை என்னிடம் வந்தது.

இந்தக் கணக்கில் மூன்று பகுதிகள். நாமே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. இந்த இரண்டிலும் பெரிய சிரமம் இல்லை. ஜெனரேட்டரில் எரியும் டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஈ.பி. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் அளவுப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. மூன்றாவது, ஸ்கோப் 3. நாம் வாங்கும் பொருளை வேறு யாரோ தயாரித்தபோது வெளியான புகையும் நம் கணக்கில் சேரும். எங்களுக்கு அதில் பெரியது நூல். கெடு நெருங்கியதால் செலவு முறையைப் பிடித்தேன். நூலுக்குக் கொடுத்த ரூபாயை, ஒரு ரூபாய்க்கு இவ்வளவு புகை என்ற காரணியால் பெருக்குவது. கார்பன் கணக்குக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் விதிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகால் அனுமதிக்கும் முறைதான்.

அடுத்து வந்தது 2021–22. அந்த வருட நூல் விலையைத் திருப்பூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணக்கு வருடம் முடிந்தும் ஏற்றம் நிற்காமல், 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. என் அறிக்கையில் எங்கள் உமிழ்வும் நூல் விலையோடு சேர்ந்து ஏறியது. வாங்கிய நூலோ கிலோக்கணக்கில் ஏறக்குறைய முந்தைய வருட அளவுதான். பையர் காரணம் கேட்டு எழுதிய பிறகுதான் பில்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பில்லிலும் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் இருந்தது, கிலோ இருந்தது. நான் பார்த்தது கடைசி வரியிலிருந்த தொகையை மட்டும். இரண்டு வருடக் கணக்கையும் கிலோவை வைத்து மறுபடி போட்டேன்.

அப்புறம் பாய்லர். எங்கள் சாயப்பட்டறைக்குச் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. 2011 நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சாயக்கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விட முடியாது. கடைசியில் மிஞ்சும் உப்புத்தண்ணீரை ஆவியாக்கவும் நீராவி வேண்டும். அதற்கும் சேர்த்து விறகு எரிகிறது. எத்தனை டன் என்று கேட்டேன். பாய்லர்காரர், சாம்பல் படிந்த ஒரு நோட்டை நீட்டினார். தேதி, வண்டி நம்பர், எடைமேடை எடை என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்.

"எடையை மட்டும் பாத்தா ஆகாதுங்க சார். மழைக்கால லோடும் சித்திரை லோடும் ஒண்ணாங்க? ஈர விறகுல தண்ணிதானுங்க எடை நிக்குது. அதைக் காய வைக்கவே ஒரு பங்கு நெருப்பு போயிருதுங்க."

அவர் சொன்னது நான் பயன்படுத்திய காரணிக்கே பொருந்தும். அது விறகு தரும் வெப்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்தது. டன்னை வெப்பமாக மாற்ற, விறகில் ஈரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

விறகில் இன்னொரு விஷயம். அதன் கார்பன் டை ஆக்சைடு மரம் காற்றிலிருந்து எடுத்தது என்பதால், அதை மூன்று ஸ்கோப்பிலும் சேர்க்காமல் தனியாகக் காட்டச் சொல்கிறார்கள். விறகுப் புகையிலுள்ள மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் வரும். தனியாகக் காட்டுவதை, காட்டவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு சைபர் போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய மரம் மறுபடி வளர்ந்ததா என்று யாரும் போய்ப் பார்க்காதபோது சைபர் போட எனக்கு மனம் வரவில்லை. தனி வரியில் முழு எண்ணையும் எழுதினேன்.

ஈரம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பாய்லர்காரர் நோட்டில் ஸ்கேலால் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தார். மேலே 'ஈரம்' என்று அவர் கையெழுத்து. ஐப்பசிப் பக்கம் முழுக்க 40 சதவீதத்துக்கு மேல்.